மணலில் நாற்பத்துமூன்று

லேப்டாப்பில் அந்தக் கோடு
பாம்பன் பாலத்துத் தண்டவாளம் மாதிரி
நேராக வந்து
முப்பத்தெட்டு ஹெர்ட்ஸில்தான் குனிந்தது.
அந்தக் குனிவைப் பார்த்தே அட்வான்ஸ் தந்தார்
தங்கச்சிமடம் ரெமிஜியூஸ்.

மரைன் பிளைவுட், பதினெட்டு இஞ்சு கோன்,
உள்ளளவு நூற்றறுபது லிட்டர்.
ஈரக் காற்றில் பசை காய இரண்டு நாள் கூடுதல்.

முதலில் என் பட்டறையில் வைத்து ஓட்டினோம்.
தலைக்கு மேல் தகரம்,
மூன்று பக்கமும் ஹாலோ பிளாக் சுவர்.
ஐம்பத்தாறில் ஒரு குன்று எழும்பியது.
ஆணி டப்பா மேசையில் நடந்துபோய்
விளிம்பில் சற்று யோசித்து
விழுந்தது.
ரெமிஜியூஸ் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்:
"இதுதாம்பா பாஸ்!"
இது பெட்டி இல்லை அண்ணே, மூலை, என்றேன்.
மூலை எதையும் இரட்டிப்பாகத்தான் சொல்லும்,
என் சின்ன மாமியாரைப் போல.

நம்பவில்லை.
குட்டியானையில் ஏற்றி வடகடல் கரைக்குப் போனோம்.
இரவு பதினொன்று, காற்று விழுந்த நேரம்.
வள்ளங்களை விட்டுத் தள்ளி, வெறும் மணலில் பெட்டி.
பிளாஸ்டிக் நாற்காலியில் மைக்கைக் கட்டி
இருபதிலிருந்து இருநூறு வரை
மெல்ல ஏற்றினேன்.

கிட்டத்தட்ட அதே கோடு.
குன்று இல்லை, குழி இல்லை.
காதுக்கு?
அடுத்த தெருவில் யாரோ கதவு சாத்துகிறார்கள்.

ரெமிஜியூஸ் பெட்டியைச் சுற்றி வந்தார்,
குழாய்க்குள் டார்ச் அடித்தார்.
"என்னமோ கழண்டிருக்கு."
ஒன்றும் கழலவில்லை.
சுவரில்லாத கூரையில்லாத
ஒருவரும் குடியேறாத ஊர் ஒன்றில்
மென்பொருள் இதைப் பாடவைத்துப் பார்த்தது.
அந்த ஊருக்கு நாம் இன்றுதான் வந்திருக்கிறோம்,
டீசல் செலவோடு.

கிட்டத்தட்ட என்றேன் அல்லவா.
திரையில் முப்பத்தெட்டு, மணலில் நாற்பத்துமூன்று.
ஐந்துக்குக் கணக்கு கேட்டார், கடன்காரன் மாதிரி.
காந்தமும் குறுக்குச் சட்டமும் உள்ளே உட்கார்ந்து
பத்து லிட்டரைத் தின்றதைக் கழிக்க மறந்தேன்,
அதில் ஒன்று.
பிவிசி குழாயை அறுக்கும்போது கரண்டு போய்
விரலகலம் குட்டையாய் விழுந்தது, ஒன்றரை.
கம்பெனித் தாளில் இருப்பது ஏதோ ஒரு கோன்;
எனக்கு வந்தது இன்னும் விறைப்பு விடாத புதுசு,
அதற்கொரு ஒன்று போடுங்கள்.
மீதி ஒன்றரை?
தெரியவில்லை அண்ணே.
அவர் கடலைப் பார்த்தார், அது எடுத்துக்கொண்ட மாதிரி.

திருவிழா இரவு
ஐஸ் பிளாண்ட் சுவரோடு ஒட்டி வைத்தோம்.
சுவர் தன் பங்கைக் கொடுத்தது,
கேட்காத இடத்திலும் கொடுத்தது.
சப்பரம் நின்ற இடத்தில் பாஸே இல்லை,
இறால் கம்பெனி வாசலில் கொட்டிக்கிடந்தது.
பஜ்ஜி போட்ட ஜெயராக்கினி
எண்ணெயில் வட்ட வட்டமாய் நடுக்கம் பார்த்து
வண்டியை இரண்டடி தள்ளினாள்.
எண்ணெய் அடங்கியது.
மைக் இல்லை, கோடு இல்லை,
ஒரே தள்ளில் குழியைக் கண்டுபிடித்தாள்.

ஒரு மணிக்கு மேல் காயில் சூடேறியது.
சத்தம் இளைக்க இளைக்க
ஆபரேட்டர் பையன் பெனிட்டோ திருகிக் கூட்டினான்,
கூட்டக் கூட்டச் சூடு,
சூட்டுக்கு மேலும் இளைப்பு.
ஜெனரேட்டரும் தன் பங்குக்கு மூச்சு வாங்கியது.
திரையில் இரவுக்கு ஒரு கட்டம் இல்லை.
அங்கே எல்லாப் பாட்டும் முதல் பாட்டு.

மறுநாள் பின்பலகையைக் கழற்றி
உள்புறம் பென்சிலால் எழுதினேன்:
மணலில் 43. ஒன்றரை தெரியாது.
இருபது திருகாணி போட்டு மூடினேன்.

மதியம் போன்.
"இன்னொரு ஜோடி செய்யணும் தம்பி."
அதே அளவா அண்ணே?
"அளவு என்னமோ.
ஒங்க பட்டறையில கேட்டேன்ல,
ஆணி டப்பா விழுந்துச்சே,
அந்தப் பெட்டி வேணும்."

நிமிர்ந்து
தகரத்தைப் பார்த்தேன்.
டேப்பை எடுத்தேன்.