பதினொரு லாரி

என் கல்லாவில் ஐந்து ராண்ட் குறைந்தால்
மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.
பதினாறு வருஷம். பழகிவிட்டது.
அதனால்தான் எண்ணத் தொடங்கினேன் என்று
விசாரணைக் குழுவிடம் சொன்னேன்,
வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை என்றும்.

வெருலத்தில் எங்கள் மேட்டுத் தெருவுக்குக்
குழாய்த் தண்ணீர் நின்றது மார்ச் மாதம்.
லாரி வரும் என்றார்கள்.
வந்தது, வராதது,
தெரு முனை வரை வந்து திரும்பிப் போனது,
எல்லாவற்றையும் பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன்.
தமிழ் எண்ணில்: ௧, ௨, ௩.
எட்டு வயதில் வார இறுதி வகுப்பில் படித்தது.
எதற்கு உதவும் இது என்று அப்போது அண்ணன் சிரித்தான்.
கவுன்சிலரின் ஆள் ஒருவன் ஒருமுறை
நோட்டைப் பிடுங்கிப் புரட்டிப் பார்த்து
ஏதோ பூஜைக் கணக்கு என்று
என் மடியிலேயே எறிந்துவிட்டுப் போனான்.

பள்ளத்து வீட்டு ஸான்டிலேயிடம் இன்னொரு நோட்டு.
அவள் கோடு கிழிப்பாள், ஐந்துக்கு ஒரு கட்டு.
கோட்டுக்கு மொழி கிடையாது.
ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்து
இரண்டையும் ஒத்துப் பார்ப்போம்.
ஒரே ஒரு நாள்தான் பேதம் வந்தது.
அன்று அவள் மகனுக்குக் காய்ச்சல்.

மனுப் போட்டு நூற்று நான்கு நாள் கழித்துக்
காகிதம் வந்தது, முக்கால்வாசி கறுப்பு பூசி.
பூச மறந்த ஒரு வரியில்:
மேட்டுத் தெரு, மே மாதம், நாற்பத்தேழு நடை,
நடைக்கு நாலாயிரத்து எண்ணூறு ராண்ட்.
என் நோட்டில் பதினொன்று.

மீதி முப்பத்தாறு லாரியை
வரிசையாக நிறுத்தினால்
மாரியம்மன் கோயில் தாண்டி நீளும்.
பார்த்தவர் யாரும் இல்லை.
பில்லில் மட்டும் ஓடியிருக்கின்றன,
டீசல் இல்லாமல், ஓட்டுநர் இல்லாமல்,
ஒரு சொட்டுச் சிந்தாமல்.

தேர்தலன்று கட்டைவிரல் நகத்தில் வைத்த மை
நகம் வளர வளர மேலேறி
ஒருநாள் வெட்டும்போது உதிர்ந்தது.
அதோடு என் வேலை முடிந்தது என்று
நானும்தான் இருந்தேன்.
அம்மாவுக்கு அந்த மை கிடைக்க
நாற்பத்தொன்பது வயதாக வேண்டியிருந்தது.

டர்பனில், குளிரூட்டிய அறையில்,
கவுன்சிலரின் வக்கீல் நோட்டை விரல் நுனியில் தூக்கி
இது எழுத்தா, பூச்சி ஊர்ந்த தடமா என்றார்.
வாசித்துக் காட்டுங்கள் என்றார் குழுத் தலைவி.
வாசித்தேன். தேதி, நேரம், வண்டி எண்.
வந்தது. வரவில்லை. வரவில்லை. வரவில்லை.
மே பத்தொன்பதில் நாக்கு நின்றது.
எழுதியபோது நிற்காத கை மேசைமேல் நடுங்கியது.
அந்த வண்டி எண்ணுக்கு எனக்கு நோட்டு வேண்டாம்.
அதன் முன்பணத்தில் என் வளையலும் இருக்கிறது.
தயாளன் அண்ணனின் லாரி.
அன்று அது வந்தது ஒரு நடை. பில்லில் ஆறு.

நீரடித்து நீர் விலகாது என்பார்கள்.
தண்ணீரே வராத தெருவில்
அந்தப் பழமொழிக்கு என்ன வேலை என்று தோன்றியது
வீடு திரும்பும் டாக்ஸியில்தான்.
அந்த நிமிஷத்தில் தோன்றியது
வெறும் ஐந்து ராண்ட்.
வாசித்து முடித்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

முடிவு இன்னும் வரவில்லை.
கவுன்சிலர் விடுப்பில் இருக்கிறார், முழுச் சம்பளத்தோடு.
தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் கூப்பிடவில்லை.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு
வாசலில் லாரி வந்து நின்றது.
அவன்தான். ஒன்றும் பேசவில்லை.
குழாயைத் திறந்தான். என் வாளி, பக்கத்து வீட்டு வாளி,
மேலே இருந்து கீழே ஸான்டிலே வீடு வரை.
நோட்டை எடுத்து வந்தேன்.
அவன் கண்ணெதிரிலேயே எழுதினேன்: ௧.
பேனாவை நீட்டினேன், கையெழுத்துக்கு.
கை ஈரமாக இருக்கிறது என்றான்.

காயட்டும் என்றேன்.