அ.சா.1

தேவகோட்டையில் எனக்குச் சோறு போட்டவை
பாகப்பிரிவினை வழக்குகள்.
ஒரு வீட்டுக்கு நாற்பத்தேழு பங்கு.
தேக்குத் தூண் இரண்டு ஒருவருக்கு,
வளவில் கால்வாசி இன்னொருவருக்கு,
சாவி சிங்கப்பூரில்.
அளந்து, வரைபடம் போட்டு, வாய்தா வாங்கி
ஒரு வாசல்படியை வைத்தே இருபது வருடம் ஓட்டலாம்.

மற்ற வழக்குகள் இருட்டிய பிறகு வரும்.
குமாஸ்தா அடைக்கலம் டீ வாங்கப் போன நேரம் பார்த்து.
செருப்பை வெளியே விடமாட்டார்கள்,
கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள்.
செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் தெரு இது.

முதலில் வந்தது ஒரு சிடி,
கல்யாண வீடியோக் கடையின் கவரில்.
பிறகு மெமரி கார்டு.
அப்புறம் கையில் பிடிக்க ஒன்றுமில்லை,
நீல எழுத்தில் ஒரு வரி, அவ்வளவுதான்.
நீக்கச் சொல்லி எழுதுவேன்.
நீக்கிவிட்டோம், நன்றி, என்று பதில் வரும்.
வெள்ளிக்கிழமைக்குள் வேறு பெயரில் முளைத்திருக்கும்.
நாற்பத்தேழு பங்கைப் பிரிக்கத் தெரிந்தவளுக்கு
அந்தப் படத்துக்கு எத்தனை பங்காளி என்று
எண்ணத் தெரியவில்லை.

பதினாலு வயது.
சட்டம் அவள் பெயரை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டு
அ.சா.1 என்று ஒன்றைக் கொடுத்தது.
சிவகங்கைக்கு முதல் பஸ்.
முன்சீட்டில் அவளும் அம்மாவும்,
பின்சீட்டில் நான், யாரோ போல.
காளையார்கோவில் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பாள்,
ஒவ்வொரு வாய்தாவுக்கும்.
ஏன் என்று கேட்காத ஒரு கண்டக்டர்
எலுமிச்சம்பழம் வைத்திருக்கப் பழகியிருந்தார்.

எதிரிக்கு நகல் வேண்டும் என்றார் சீனியர் வயிரவன்.
பென் டிரைவின் நகல்.
தற்காப்பு உரிமை, ஐயா.
எனக்கு அரசு வக்கீலுக்குப் பின்னால் நாற்காலி,
கேட்டால்தான் பேச வேண்டும்.
கேட்காமல் எழுந்தேன்.
நகல்தான் ஐயா குற்றமே.
அதையே கோர்ட்டும் செய்யலாமா?
மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.
நீதிபதி பேனாவை மூடினார், திறந்தார்.
இங்கே பார்க்கலாம், எடுத்துப்போகக் கூடாது
என்று எழுதினார்.

நான் ஜெயித்தது அந்த ஒரு வரி.
தண்டனை ஏழு வருடம், அப்பீல், ஜாமீன்.
அவன் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறான்.

அக்கா, நீங்க பார்த்தீங்களா?
ஒரே ஒரு முறை கேட்டாள், பஸ் ஸ்டாண்டில்.
சுவரைத்தான் பார்த்தேன் என்றேன்.
நாலு நிமிடம் பதினோரு நொடி.
பாதிப் பொய்.
சுவரில் தொங்கிய நாள்காட்டியின் தேதியை வைத்துத்தான்
அன்றைக்கு அவள் குழந்தை என்று நிரூபித்தோம்.

வெளியில் பார்த்தால் நான் முதலில் சிரிக்கக் கூடாது.
இது எந்தச் சட்டத்திலும் இல்லாத விதி.
கல்யாணப் பந்தியில் ஒருத்தி
எனக்கு மட்டும் இரண்டு கரண்டி கவுனி அரிசி வைத்துவிட்டு
நகர்ந்துபோனாள்.
இன்னொருத்தி என்னைக் கண்டதும் குழந்தையை
இடுப்பு மாற்றிக்கொண்டு தெருவையும் மாற்றினாள்.
இரண்டும் சரிதான்.

போன மாதம் சர்க்கரை பார்க்கக்
காரைக்குடியில் ஒரு லேப். வெறும் வயிறு.
கையுறை போட்ட பெண் ரப்பர் குழாயை இறுக்கிவிட்டு
நிமிராமல் கேட்டாள்:
பெயர்?
அந்தக் குரல்.
சத்தமா சொல்லும்மா, சத்தமா சொல்லும்மா என்று
கூண்டில் நாலு முறை கேட்கவைத்த குரல்.
சிகப்பி, என்றேன்.
வயசு?
ஐம்பத்தெட்டு.
எழுதிக்கொண்டாள்.
வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடுறேன்.

பஞ்சு வைத்துக் கையை மடக்கும்போது
அவள் கட்டைவிரல் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியது.
ரத்தம் நிற்பதற்காகவும் இருக்கலாம்.
வெள்ளைக் கோட்டில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தாள்,
எல்லோரும் படிக்கும்படி.
படித்தேன்.
இங்கே எழுத மாட்டேன்.

ரிசல்ட் நாலு மணிக்கு என்றாள்.
அடைக்கலத்தை அனுப்பாமல் நானே போனேன்.
அவளுக்கு ஷிப்ட் முடிந்திருந்தது.