இரண்டாம் அந்நிய மொழி

முதல் அந்நிய மொழி ஆங்கிலம், அது எல்லோருக்கும்.
இரண்டாவதை நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள்
ஒன்பதாம் வகுப்பில்.
ஜெர்மனுக்கு ஆறு கைகள்.
ரஷ்யனுக்கு ஒரே ஒரு கை, ஸ்வியாதுடையது.
அவனும் ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்கத்தான் தூக்கினானாம்.
மிச்சம் இருபத்திரண்டு பேரும் இத்தாலியன்.
குத்தாய்சியில் இதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

ஆங்கிலத்துக்கு மேல்மாடி.
எதேரி டீச்சர் பலகையின் குறுக்கே கோடு கிழிப்பார்.
இடது ஓரத்தில் புள்ளி: இங்கே தொடங்கியது.
வலது ஓரத்தில் அம்புக்குறி: இன்னும் முடியவில்லை.
இறந்தகாலமும் இல்லை, நிகழ்காலமும் இல்லை.
இதற்கென்றே தனியாக ஒரு காலம் செய்து வைத்திருக்கிறார்கள்
ஆங்கிலக்காரர்கள்.
உதாரணம் சொல் என்றார்.
"எட்டு வருஷமாக என் அம்மா போயிருக்கிறாள்."
எங்கே என்பதையும் சேர், வாக்கியம் நிறைய வேண்டும் என்றார்.
சேர்த்தேன்.
இரண்டு மதிப்பெண்.

இத்தாலியன் கீழ்த்தளத்தில்.
விறகடுப்புக்குப் பக்கத்து பெஞ்சுக்கு
தினமும் ஒரு சண்டை, பெரும்பாலும் தம்தாதான் ஜெயிப்பாள்.
புத்தக அட்டையில் ஒரு குடும்பம்
ஐஸ்கிரீம் தின்றுகொண்டே இருக்கிறது, வருஷம் முழுக்க.
உள்ளே ஓபரா உண்டு, ரயில் நிலையம் உண்டு,
மியூசியம் எங்கே என்று கேட்கிற ஒரு மனிதர்
பாடத்துக்குப் பாடம் வழி தவறுகிறார்.

எங்கள் வீட்டுத் தொலைபேசியில் வருவது வேறு இத்தாலியன்.
அதில் 'கந்தெஜ்ஜினா' இருக்கிறது,
முதுகுப் புண்ணுக்குப் போடும் களிம்பின் பெயர் இருக்கிறது,
பெப்பினா என்ற கிழவியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது
சொல்லவேண்டிய 'பியானோ, பியானோ' இருக்கிறது.
மெதுவாக, மெதுவாக.

ஒருநாள் வகுப்பில் கேட்டுவிட்டேன்,
கந்தெஜ்ஜினா என்றால் என்ன டீச்சர்?
மதோனா டீச்சர் சாக்பீஸை வைத்தார்.
பிளீச்சிங் திரவம், இரண்டு ஜி, என்றார்.
பலகையில் எழுதவில்லை.
உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்,
ஈரமே இல்லாத கைகளை.
அவருடைய உச்சரிப்பு நேப்பிள்ஸ் உச்சரிப்பு என்று
ஜெர்மன் வாத்தியார் கிண்டல் செய்வார்.
நேப்பிள்ஸில் எந்தக் கல்லூரி என்று
அன்றுவரை நாங்கள் யோசித்ததில்லை.

நான்காம் பாடம், உரையாடல்.
அவர் கேட்க வேண்டும், நாங்கள் கோரஸாகச் சொல்ல வேண்டும்.
அம்மா எங்கே?
அம்மா சமையலறையில்.
இருபத்திரண்டு தொண்டைகள்,
ஒரு பிழை இல்லை.
பதிமூன்று பேருடைய அம்மாக்கள் அந்த நிமிஷம்
உண்மையாகவே சமையலறையில்தான் இருந்தார்கள்.
பாரி, ப்ரெஷா, சலெர்னோ.
யார் வீட்டுச் சமையலறை என்று புத்தகம் கேட்கவில்லை.
டீச்சரும் கேட்கவில்லை, அடுத்த பக்கம் திருப்பச் சொன்னார்.
லாஷா மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சொல்லி முடித்தான்.
எல்லோரும் சிரித்தோம்.
அவன் எப்போதும் தாமதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு நான்கு மணி நேரம் விடுமுறை.
பூங்காவில் நம்மூர்ப் பெண்கள் கூடுவார்கள்,
மழை என்றால் பேருந்து நிலையம்.
பாரியில் மியூசியம் இருக்கிறதா அம்மா?
இருக்கும்டா. எங்கே என்று தெரியாது.
கேட்க வேண்டியதுதானே?
அவள் சிரித்தாள். எட்டு வருஷத்தில்
அப்படி ஒரு கேள்வி அவள் யாரையும் கேட்டதில்லையாம்.
யாராவது கேட்டால்தான்
பதில் சொல்லிப் பழக்கம்.

நான் சொன்னேன்: தோவே இல் முசேயோ.
அவள் சொன்னாள்.
'சே' இல்லை அம்மா, 'ஸே', மூன்றாம் பாடம்.
திருப்பிச் சொன்னாள்.
இன்னும் கொஞ்சம் சத்தமாக, வழிப்போக்கருக்குக் கேட்கவேண்டும் என்றேன்,
மதோனா டீச்சர் குரலில்.
தோவே இல் முஸேயோ,
என்று அம்மா உரக்கக் கேட்டாள்.
பின்னாலிருந்து எதோ ஒரு பெண் குரல்
நம் மொழியில், எனக்கும் தெரியாது போ, என்றது.