மூன்றாம் பத்தியில் ஒரு பெயர்

வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டு இருபது நிமிடம்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரியை
வாசலில் உறும விட்டபடியே
அலுவலகத்துக்குள் வந்தார் சவரிநாதன்.
கையில் ஓர் உறை.
கட்டைவிரல் கிரீஸ் அதில் முத்திரை குத்தியிருந்தது.
"பெரியவரு இல்லையா டீச்சர்?
அப்ப உங்ககிட்டயே குடுத்துடுறேன்."
உட்காரச் சொன்னேன்.
மில் கேட்டை நாலரைக்கு மூடிவிடுவார்களாம்.

நான்காம் ஆண்டு பெனித்தாவின் அப்பா.
திங்கள்தோறும் சபைகூடலில்
நெகாராகூ, மாநிலப் பண், தேசியக் கோட்பாடு,
பிறகு தேவாரம்.
இருநூற்றுப் பதினொரு பிள்ளைகளில்
இருநூற்றுப் பத்து வாய் திறக்கும்.
அவள் கைகட்டி நிற்பாள்,
சப்பாத்து வெள்ளையைப் பார்த்துக்கொண்டு.
"அடக்கமான மாணவி" என்று
தேர்ச்சி அட்டையில் எழுதியவள் நான்தான்.

உறையைப் பிரித்தேன்.
மலாயில், வழக்கமான மரியாதைச் சொற்களோடு தொடங்கி,
இரண்டாம் பத்தியில்:
என் பிள்ளை பேசாமல் நிற்கிறாள்.
பேசாமல் நிற்பது சம்மதம் ஆகாது.

அந்த வாக்கியம் என்னுடையது.

மார்ச் மாதம்,
பகாவ் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில்
டோவா ஓதும் நேரம்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பாவாடைப் பைக்குள் விட்டிருக்கிறாள் என் மகள்.
ஒழுங்குக் குறைவு, இரண்டு புள்ளி போயிற்று.
அன்றிரவு தூங்காமல் எழுதினேன்.
மறுநாள் ஆ லியோங் கடையில் தட்டச்சுக்குக் கொடுத்தேன்.
ஜெராக்ஸ், பாஸ்போர்ட் படம், சாலை வரி,
கண்ணாடிக்கு அடியில் நேற்றைய நாலு நம்பர்.
"நல்ல கடுதாசி, சிகு" என்றான்.
கணினியில் வைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

டோவா இருந்த இடமெல்லாம் இப்போது தேவாரம்.
பள்ளிப் பெயர் மாறியிருந்தது, தேதி மாறியிருந்தது.
மூன்றாம் பத்தியில் மட்டும் மறந்துவிட்டான்:
ஆகவே கவிநிஷாவின் மனம் நோகாதவாறு...

"கண்ணாடி கொண்டாரல, நான் படிக்கல டீச்சர்.
எல்லாம் சரியா இருக்கா?"
இருக்கு, என்றேன்.

சிகு ரொஹானா அன்று எனக்கு
சீனி குறைத்துத் தேநீர் கொடுத்தார்.
"இதில் சமயம் எதுவும் இல்லை,
பள்ளிப் பழக்கம்" என்றார் மென்மையாக.
வீட்டுக்கு வந்து கணவரிடம்
அதே குரலில் பேசிக் காட்டினேன்:
பழக்கமாம்!
மீன் பொரிந்துகொண்டிருந்தது. சிரித்தோம்.

எங்கள் தலைமையாசிரியர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.
"தேவாரம் சமயம் இல்ல டீச்சர், அது தமிழ்."
தெரியக் காரணம்,
போன வருடம் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில்
அதைச் சொன்னவளே நான்.
பதினான்காம் பக்கம், குறிப்பேட்டில் இருக்கிறது,
கைதட்டல் என்று அடைப்புக்குறியோடு.

ஐந்து கோட்பாடுகளில் முதலாவது
இறைவன் மீது நம்பிக்கை.
எந்த இறைவன் என்று அது கேட்டதில்லை.
வாரம் மூன்று பாடவேளை
அதை நன்னெறி என்று நடத்துகிறேன்.
தலைமையாசிரியர் மறுத்தால் கோயில் கமிட்டி இருக்கிறது.
கூரைத் தகரம் அவர்கள் போட்டது.
மைக் அவர்கள் வாங்கியது, அடியில் சிவப்புப் பெயிண்டில்
அம்மன் உபயம்.

லோரி கிளம்பிவிட்டது.
வழியில் ஒரு குலை விழுந்து கிடந்தது.
பியூன் அதை வேலி ஓரம் உருட்டினான்.

மேசை இழுப்பறையில் வெள்ளை மைக்குப்பி.
என் மகள் பெயர்மேல் பூசி
ஊதி ஊதிக் காய வைத்தேன்.
அதன்மேல் பெனித்தா என்று எழுதினேன்.
கொஞ்சம் இடம் மிஞ்சியது.
கவிநிஷா நீளமான பெயர்.

கடிதத்தைப் பெரியவர் மேசையில்,
காற்றில் பறக்காமலிருக்க
ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்தேன்.
சுவரில் அடுத்த வாரப் பணிப் பட்டியல்.
திங்கள், சபைகூடல், மைக்:
என் பெயர்.