நூற்றிருபத்தைந்தில் ஒன்று

"அப்பாவோடதா?" என்று கேட்டாள் செலஸ்தின்.
இல்லை.
ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
மிக்ஸி ஜாடிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
நானூற்றைம்பது ரூபாய்க்கு எடுத்தது.
பதினோரு வருடமாகிறது. கதை ஒன்றுமில்லை.
"அப்போ சுலபம்" என்றாள்.

முத்தியால்பேட்டையில் அவள் கடை.
காதுக் கருவி, கைக்கடிகாரம், பிரஷர் பார்க்கும் பெட்டி,
எப்போதாவது இப்படி ஒரு காமிரா.
பின்கதவைத் திறந்து
ஒரு பக்கம் விளக்கு வைத்தாள்,
மறுபக்கம் தீக்குச்சித் தலையளவு சென்சார்.
அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன்.
இன்னொரு தரம். இன்னொரு தரம்.
"நூத்தி இருபத்தஞ்சுல ஒரு நொடின்னு எழுதியிருக்கு.
திறக்கிறது முப்பதுல ஒண்ணு.
நாலு மடங்கு வெளிச்சம் குடிக்குது சார்."

நான் செம்மண்டலம் பிரிவில்
மின் கணக்கெடுக்கிறவன்.
மெதுவாய் ஓடும் பழைய மீட்டரின் முன்
குனிந்து நின்று
சக்கரத்தின் கறுப்புக்கோடு வந்து வந்து போவதை எண்ணி
எழுதிக் கொடுத்தவன்.
கழுத்தில் தொங்கியதை
ஒருநாளும் எண்ணவில்லை.

"ரிப்பேர் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
இதே மாடல், நல்லா ஓடுறது, மூவாயிரத்து இருநூறு.
மாத்திக்கிறீங்களா?"
கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.
கீறலே இல்லை.
என்னுடையதில் கட்டைவிரல் தேய்த்துப் பித்தளை தெரிகிற மூலை
அதில் கறுப்பாகவே இருந்தது.
ரிப்பேர் என்றேன்.
பாசம் என்று நினைத்திருப்பாள்.
ஆயிரத்து முந்நூறு ரூபாய் வித்தியாசம்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன்.
"யாரோ உள்ளே தேங்காயெண்ணெய் விட்டிருக்காங்க.
மார்கழியில உறைஞ்சிருக்கும்."
யாரோ இல்லை.
கேட்டுக்கொண்டு பணத்தை எண்ணினேன்.

முதல் படம் அவளைத்தான் எடுத்தேன்,
மேசை விளக்குக்குக் கீழே, சிரிக்கச் சொல்லாமல்.
பிறகு வாசலில் நின்ற பால் வண்டி.
குருசுக்குப்பத்தில் நீல ஐஸ் பெட்டிகளும்
அவற்றின்மேல் தூங்குகிற ஒருத்தரும்.
பேருந்து நிலையத்தில் கொய்யா.
பன்னிரண்டு ஆனதும் துண்டில் சுற்றிப்
பையில் வைத்துக்கொண்டேன்.

ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில்
புதுச்சேரியிலிருந்து வருகிற பையில்
குவார்ட்டர் பாட்டில்தான் இருக்கும்,
இல்லை என்று நாம் காட்டும்வரை.
துண்டின் கனத்தைத் தொட்டதும் காவலர் முகம் மலர்ந்தது.
"தொற."
காமிரா சார்.
"அதைத்தான்."
உள்ளே ஃபிலிம், என்று சொல்லி முடிப்பதற்குள்
எதையோ இழுத்தார், பின்கதவு திறந்துகொண்டது.
மாசி மாதத்து மூன்று மணி வெயில்
நொடிக்கணக்கு எதுவும் பார்க்காமல் உள்ளே போனது.
அவரே மூடிக் கொடுத்தார்.
முன்சீட்டுக்காரரின் தண்ணீர் பாட்டிலை
மோந்து பார்க்கப் போய்விட்டார்.

சென்னைக்குக் கூரியரில் அனுப்பி
ஒன்பதாம் நாள் படங்கள் போனுக்கு வந்தன.
வெள்ளை. வெள்ளை. கொய்யா இருந்த இடத்தில் வெள்ளை.
சுருளின் அடியில் முதலில் சுற்றிக்கொண்ட
மூன்று மட்டும் பிழைத்திருந்தன.
அவையும் ஒரே இருட்டு.
பால் வண்டியின் கைப்பிடி தெரிந்தது.
செலஸ்தினின் மேசையில் விளக்கு தெரிந்தது,
செலஸ்தின் தெரியவில்லை.

காவலரை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் யோசித்தேன்.
இந்த மூன்றையும் அவர் தொடவேயில்லை.
படம் வெளுத்து வெளுத்து வந்த காலத்தில்
என்னைக் கேட்காமலே
இந்த விரல் ஒரு பழக்கம் பழகியிருக்கிறது:
எந்த வெளிச்சமானாலும்
இரண்டு படி குறைத்துத் திருப்பு.
காமிராவின் பொய்க்குத் தக்க பொய்.
இத்தனை வருடம் நல்ல படம் வந்ததெல்லாம்
இரண்டும் சேர்ந்து எடுத்தது.

செலஸ்தினுக்கு அந்த இருட்டை அனுப்பி
விஷயத்தை எழுதினேன்.
பதில் வந்தது:
"கையெல்லாம் ரிப்பேர் பண்றதில்ல சார்."

இப்போது வண்ணாரப்பாளையத்தில்
வீட்டுக்கு வீடு மீட்டர் பார்க்கப் போகிறபோது
ஃபிலிம் போடாத காமிராவும் கூட வருகிறது.
யாராவது நாயைக் கட்டிவிட்டு வரும்வரை
கேட்டுக்கு வெளியே நின்று
வளையத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.
எட்டில் நில் என்கிறேன்.
பதினாறுக்குப் போகிறது.