பள்ளத்தில் போட்ட துளை

முதல் கட்டையை ஊன்றியது சித்திரையில்.
கொல்லை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.
கடப்பாரை ‘ணங்’கென்று திரும்பி வந்தது.
இவ்வளவு கெட்டி மண்ணுக்கு
ஒன்றரை அடி ஆழம் போதும் என்று
முடிவு செய்தவள் நான்தான்.

ஆனிக் கடைசியில் வெண்ணாற்றில் தண்ணீர்.
வாய்க்கால் ஊறி, வயல் ஊறி,
கொல்லையும் ஊறியது.
நான்கு சவுக்குக் கட்டையும்
பாகம் பிரித்த அண்ணன் தம்பி மாதிரி
ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன.

பிடுங்கினேன். மூன்றடி தோண்டினேன்.
அடியில் செங்கல் ஜல்லி, மேலே ஆற்றுமணல்
(எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள்).

பிறகு கதவு.
வாசலை அளந்தேன், பலகையை அளந்தேன்,
கொண்டியைக்கூட அளந்தேன்.
மொபெட்டை அளக்கவில்லை.
ஹேண்டில் நான்கு விரல் அதிகம்.
வேதரெத்தினம் ஒன்றும் சொல்லவில்லை,
மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன் என்று
பின்பக்கம் போய்விட்டார்.
எங்களிடம் மாடு கிடையாது.

கூட்டுறவு சங்கத்தில்
பதினாறு வருஷமாகப் பேரேடு எழுதுகிறேன்.
பதிமூன்று ரூபாய் துண்டு விழுந்தாலும்
ராத்திரி எட்டு மணிவரை தேடுவோம்.
தப்பைச் சிவப்பு மையில் அடித்து
ஓரத்தில் சின்னக் கையெழுத்து.
தீர்ந்தது.

தகரத்தில் அப்படி அடிக்க முடியாது.

நெளியின் பள்ளத்தில் துளை போட்டிருந்தேன்.
திருகு இறுக்க அங்கேதான் வாகு.
தண்ணீருக்கும் அங்கேதான் வாகு என்று
ஐப்பசி அடைமழை சொன்னது.
ஆறு தகரம், நாற்பத்திரண்டு துளை.
வாளி வைக்க எண்ணினேன்:
ஒழுகுவது நாற்பத்தொன்று.
மிச்சம் ஒன்று எப்படித் தப்பியது?
ஏணியில் ஏறி டார்ச் அடித்தேன்.
அது மட்டும், கை வழுக்கி,
மேட்டில் விழுந்திருந்தது.

கூத்தாநல்லூர் ஜலால் கடையில்
“எல்லாரும் ஒரு தடவை பள்ளத்துல போடுவாங்கக்கா,
அதுலதான் என் கடை ஓடுது” என்றார்.
புதுத் தகரம் விலை கேட்டேன்.
வந்துவிட்டேன்.

மறுநாள் சங்கத்தில் பக்கம் புரட்டினேன்.
பால்பாயின்ட்டால் அழுத்தி எழுதிய தாள்.
முன்பக்கம் பள்ளமாகக் கிடந்த எழுத்து
பின்பக்கம் முழுக்கப் புடைத்திருந்தது.
விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.
மேனேஜர், “என்னம்மா, இடிக்குதா?” என்றார்.
“இல்ல சார்.”

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும்
ஆறு தகரத்தையும் கழற்றிக்
குப்புறக் கவிழ்த்துப் போட்டோம்.
பள்ளமெல்லாம் மேடு.
நாற்பத்தொரு தப்பும்
ஒரே மத்தியானத்தில் சரி.

அன்றைக்குச் சரியாக விழுந்த
அந்த ஒன்று மட்டும்
இப்போது சொட்டுகிறது,
மிகச் சரியாக மொபெட் சீட்டின் மேல்.

எம்-சீல் வாங்க வேண்டும்.
ஜலால் முகத்தில் விழிக்க வேண்டும்.