பிடித்தது

ஜனவரி. டூலே ஏரி. மைனஸ் பதினொன்று.
சாக்குத்துணி மறைவுக்குள் வெர்னா
கமுக்கட்டில் பேட்டரியை அடைகாக்கிறாள்.

எதிரே பனி. பனிமேல் பனிவாத்துகள்.
நேற்று ஒன்றின் கழுத்தில் நீலப்பட்டை.
எண்ணைப் படிக்கவிடாமல்
தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது.
நானூறு படம். எல்லாம் மங்கல்.

வேலிக்கு அந்தப்பக்கம் சுட
டுவைட்டுக்கு உரிமம் இருக்கிறது.
விடியலில் ஃபிளாஸ்க் மூடியில்
காப்பி ஊற்றித் தந்தவன்தான்.

வெடி.
ஏரி மொத்தமும் எழுந்துகொண்டது.
வெளிச்சம் போய், எச்சம் பெய்து,
இரைச்சல் நெஞ்செலும்புக்குள் புகுந்து
கேமராவின் வயிறு காலி.
பேட்டரி இன்னும் கமுக்கட்டில்.

வண்டி நிறுத்தத்தில் கேட்டான்:
"ஏதாவது பிடிச்சியா?"
இல்லை என்றாள்.
அவன் வண்டியின் பின்பலகையில் இரண்டு கிடந்தன.
நீலப்பட்டை. டி 39.
துளி மங்கல் இல்லை.

பேட்டரி சூடாகத்தான் இருந்தது.